அரைப் பேர்

என் வேலைக்கு ‘முன்னேற்றக் கண்காணிப்பாளர்’ என்று பெயர். அதை அம்மாவிடம் சொன்னபோது, தேயிலைத் தூரில் கொழுந்து எடுத்தே காப்புக் காய்த்த கையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார். “காலம் பூரா கங்காணிகிட்ட ஏச்சு வாங்குனேன். கடைசியில என் வயித்துலயே ஒரு கங்காணியா?” என்றார். தெமோதரைக்கு மேலே இருக்கும் எங்கள் தோட்டத்தில் அந்தப் பகிடி பரவிவிட்டது. இன்றைக்கும் நான் அங்கே போனால் “ஆன்லைன் கங்காணி வாராங்க” என்று யாராவது சொல்லாமல் விடமாட்டார்கள்.

வேலை இதுதான். கொழும்பில் இருக்கும் ஒரு நிறுவனம், உயர்தரம் முடித்துவிட்டு வீட்டிலிருக்கும் தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் கணினி நிரல் எழுதும் வகுப்பை இணையத்தில் நடத்துகிறது. இறுதிவரை நிற்பவர்களைக் கண்டியில் ஒரு பயிற்சிக்கு எடுப்பார்கள். அதற்குப் பிறகு வேலை கிடைக்கக்கூடும். ‘கூடும்’ என்பதை நான் பெற்றோரிடம் எப்போதும் அழுத்திச் சொல்வேன். அவர்கள் காதில் ‘கிடைக்கும்’ என்று மட்டுமே விழும் என்பதும் எனக்குத் தெரியும். பிள்ளைகள் வகுப்புக்கு வருகிறார்களா, பயிற்சிகளை அனுப்புகிறார்களா என்று பதுளையில் எங்கள் வாடகை வீட்டின் முன் அறையிலிருந்து பார்த்துக்கொண்டிருப்பதும், பின்தங்குபவர்களை அழைத்துப் பேசுவதும், மாத முடிவில் அறிக்கை அனுப்புவதும் என் பொறுப்பு. மடியில் பெரும்பாலும் என் மகள் இருப்பாள். அவளுக்கு இன்னும் பேச்சு வரவில்லை. இந்த வயதில் மற்றப் பிள்ளைகள் பேசிவிடுகிறார்களே என்று பயந்துகொண்டே, மற்றவர்களின் பிள்ளைகள் எவ்வளவு தூரம் முன்னேறியிருக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருப்பேன்.

திரையில் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே இரண்டு கட்டங்கள் உண்டு. ஒன்று வருகை, மற்றது பயிற்சி. ஒழுங்காக இருந்தால் பச்சை, தடுமாறினால் மஞ்சள், நின்றுபோனால் சிவப்பு. பெரும்பாலும் ஒருவருக்கு வருகை குறையும்போது பயிற்சியும் சேர்ந்து குறையும். வருகை சிவந்து பயிற்சி பச்சையாக இருப்பதும் உண்டு. மழைக்காலத்தில் சிக்னல் போய்விடும், பிள்ளைகள் பயிற்சியைச் செய்து வைத்திருந்து பிறகு அனுப்புவார்கள். ஆனால் வருகை முழுப் பச்சையாக இருக்கப் பயிற்சி முழுச் சிவப்பாகப் போவதை ஒரே ஒருத்தியிடம்தான் கண்டேன்.

அவள் பூனாகலைப் பக்கத்துத் தோட்டமொன்றைச் சேர்ந்தவள். ஆரம்பத்தில் எல்லோரையும்விட முன்னால் நின்றாள். நிபந்தனை வைத்து விடை சொல்லும் நிரல் ஒன்றை எழுதும்படி வகுப்பில் கேட்டிருந்தார்கள். மற்றவர்கள் பரீட்சைப் புள்ளியை எடுத்துக்கொண்டு தேறினால் சித்தி, தேறாவிட்டால் சித்தியில்லை என்று எழுதினார்கள். அவள் கொழுந்து நிறுப்பதை எடுத்துக்கொண்டாள். நிறையிலிருந்து சாக்குக்கும் ஈரத்துக்கும் கழித்துவிட்டு, மிச்சம் தோட்டம் கேட்கும் கிலோவுக்கு வந்தால் ‘பேர்’ என்றும், வராவிட்டால் ‘அரைப் பேர்’ என்றும் திரையில் வரும்படி எழுதியிருந்தாள். தோட்டத்தில் ஒரு முழுநாள் வேலையைப் பேர் என்போம். காலையில் பெரட்டுக்களத்தில் ஆள் கணக்கு எடுக்கும்போது பேர் பதியும். மாலையில் கொழுந்து குறைந்தால் அது அரைப் பேராகிவிடும், சம்பளமும் பாதியாகிவிடும்.

படிப்பிக்கும் சார் யாழ்ப்பாணத்துக்காரர், கொழும்பில் இருப்பவர். நல்ல மனிதர். அவருக்கு இது விளங்கவில்லை. ஒருவருடைய பெயரைப் பாதியாக வெட்டி எழுதவேண்டும் என்று பிள்ளை நினைத்திருக்கிறாள் என்று எண்ணி, சொல்லொன்றை நடுவில் வெட்டுவது எப்படி என்று பொறுமையாக விளக்கி, புள்ளியையும் குறைத்துவிட்டார். நான் அவரை அழைத்து விளங்கப்படுத்தினேன்.

“ஐயோ தங்கச்சி, எனக்கு உது தெரியாது. நான் அந்தப் பிள்ளைக்குப் பேரை வெட்டப் பழக்கியிருக்கிறன் பாருங்கோ,” என்று அவரும் சிரித்தார். புள்ளியைத் திருத்தினார். அடுத்த வகுப்பில் பிள்ளைகள் ஒருவரையொருவர் அரைப் பேர், முழுப் பேர் என்று கேலி செய்து எழுதிக்கொண்டிருந்தார்கள். அந்த வேலையில் நான் முழு மனதாகச் சந்தோசப்பட்ட நாள் அதுதான் என்று நினைக்கிறேன்.

அதற்குப் பிறகு அவளிடமிருந்து பயிற்சி வருவது நின்றுவிட்டது. வருகை மட்டும் தவறவில்லை. வகுப்பில் சார் கேள்வி கேட்டால் பிள்ளைகள் விடையை எழுதி அனுப்பவேண்டும். அவள் பெயரிலிருந்து ஒரு கட்டைவிரல் படம் மட்டும் வரும். “நான் கதைக்கிறது கேட்குதோ?” என்று சார் கேட்டால் கட்டைவிரல். “இந்தச் சுழற்சி எத்தனை தரம் சுற்றும்?” என்றாலும் கட்டைவிரல். “பிழை எங்க இருக்கு எண்டு சொல்லுங்கோ” என்றாலும் அதே கட்டைவிரல். “அக்காவுக்கு எல்லாமே ஓகே” என்று ஒரு பிள்ளை எழுதினாள், மற்றவர்கள் சிரிப்புப் படங்களைப் போட்டார்கள். அதற்கும் ஒரு கட்டைவிரல் வந்தது.

நான் அழைத்தபோதெல்லாம் அவளுடைய அம்மாதான் எடுத்தார். “பாப்பா குளிக்கப் போயிருக்குங்க மிஸ்.” “பாப்பா கோயிலுக்குப் போயிருக்குங்க.” “இப்பத்தாங்க கடைக்குப் போச்சு.” குரலில் பொய் சொல்லும் தடுமாற்றம் இருந்தது. அதை அவரிடம் கேட்பதற்கு எனக்கு என்ன உரிமை என்றும் தோன்றியது. கேட்காமல் இருந்தால் மாத முடிவில் எதை எழுதுவது? பயிற்சி தொடர்ந்து வராதவர்களின் இடத்தை எடுத்து, காத்திருக்கும் பிள்ளைகளுக்குக் கொடுப்பது நிறுவனத்தின் விதி. கொஸ்லந்தவிலிருந்து ஒரு தாய் வாராவாரம் என்னை அழைப்பார். “எங்க புள்ளைக்கு எடம் வந்துருச்சுங்களா?” என்பதைத் தவிர அவர் வேறெதையும் கேட்டதில்லை.

நேரில் போய்ப் பார்க்கிறேன் என்றதும் கணவர் நிமிர்ந்து பார்த்தார். “ஒன்னைய போகச் சொன்னாங்களா?”

“இல்ல.”

“அப்பறம் எதுக்கு? கைப்புள்ளைய தூக்கிக்கிட்டு அந்த ரோட்டுல?”

அவர் கேட்டது நியாயம்தான். பண்டாரவளையில் பஸ் மாறி ஏறியதிலிருந்து வளைவுக்கு வளைவு மகள் வாந்தி எடுத்தாள். முகத்தைத் துடைத்துவிட்டுக்கொண்டே, இறங்கித் திரும்பிப் போய்விடலாமா என்று பலமுறை யோசித்தேன். யாருக்காகப் போகிறேன் என்பதும் எனக்குத் தெளிவாக இல்லை. அந்தப் பெண்ணுக்காகவா, என் அறிக்கை சரியாக இருக்கவேண்டும் என்பதற்காகவா?

அன்று சனிக்கிழமை, மாலை வகுப்பு இருந்த நாள். பஸ்ஸை விட்டு இறங்கி தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருக்கும் லயத்துக்கு வழி கேட்கலாம் என்று நடந்தபோது, ரோட்டு வளைவில் சில பெண்கள் நின்றிருந்தார்கள். மலையிலிருந்து நேராக வந்தவர்கள், இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கைக்கூட இன்னும் அவிழ்க்கவில்லை. தூறிக்கொண்டிருந்தது. அவர்களில் ஒருவர் மட்டும் தள்ளி, ஒரு கல்லின் மேல் ஏறி நின்று போனை உயர்த்திப் பிடித்திருந்தார். போன் நனையாமலிருக்க மறுகையால் தலைத்துண்டை அதன் மேல் கூடாரம்போலப் பிடித்திருந்தார். அதிலிருந்து சாரின் குரல் வந்தது. “எல்லாருக்கும் திரை தெரியுதோ?” என்று அது கேட்டது. அவர் போனைக் கீழே இறக்கி, விரலைத் துடைத்துக்கொண்டு ஒருமுறை தொட்டுவிட்டு மறுபடி உயர்த்தினார்.

கீழே நின்ற ஒருத்தி கத்தினாள். “ஏன்டி, இன்னைக்கும் ரெண்டாவது பெரட்டுக்கு வந்துட்டியா?”

“ஒனக்கென்ன? எம் மகளுக்குப் பேரு போடணும்ல.”

“போடு போடு. நாளைக்கு ஒம் மக கொம்பியூட்டர்ல தொரையானா எங்களையெல்லாம் மதிப்பியா?”

“ஒன்னைய மொதல்ல வெரட்டச் சொல்லுவேன்டி.”

எல்லோரும் சிரித்தார்கள். நான் யாரென்று சொன்னதும் சிரிப்பு நின்றது. கல்லிலிருந்தவர் இறங்க முயன்றார், பிறகு வகுப்பு முடியவில்லையே என்று அப்படியே நின்றார். “மிஸ், கொஞ்சம் பொறுங்க, முடியப் போவுது. நடுவுல போனா அரப் பேரு ஆயிருமே,” என்றார்.

அவருக்கு அது அப்படித்தான் விளங்கியிருந்தது. வகுப்பு தொடங்கும்போது வந்து முடியும்வரை நின்றால் முழுப் பேர், நடுவில் போனால் அரைப் பேர். தோட்டத்தில் பேர் அறுந்தால் வீடும் பதிவும் கேள்விக்குள்ளாகும். பேர் விழுந்துகொண்டிருந்தால் இடம் போகாது. வீட்டில் ஒருவருக்கு முடியாத நாளில் இன்னொருவர் மலைக்குப் போய் நின்று சமாளிப்பதும் அவர்களுக்குப் புதிதல்ல. வகுப்பின் வருகைக் கட்டம் ஒவ்வொரு நாளும் போனில் பச்சையாக மாறுவதை மகள் காட்டியிருந்தாள். அந்தப் பச்சைதான் பேர் என்று தாய் எடுத்துக்கொண்டார். அதற்குப் பக்கத்தில் சிவந்துகொண்டிருந்த கட்டத்தைப் பற்றி அவர் கேட்கவுமில்லை, யாரும் சொல்லவுமில்லை.

வகுப்பு முடிந்து லயத்துக்குக் கூட்டிப்போனார். ஒற்றை அறைக் காம்பராவின் உள்ளே அவருடைய கணவர் படுத்திருந்தார். மருந்து தெளிக்கும் டாங்கியை முதுகில் சுமந்துகொண்டு சறுக்கி விழுந்ததில் இடுப்புப் போய்விட்டது. என்னைக் கண்டு எழப் பார்த்தார், முடியவில்லை. வெட்கத்தோடு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். மகள் எங்கே என்று நான் கேட்காமலே தாய் சொன்னார்.

“கொழும்புல துணிக்கடையில நிக்குதுங்க மிஸ். தங்க எடமும் அவுங்களே குடுத்துட்டாங்க. போன வச்சிட்டுப் போகச் சொன்னது நாந்தான். போனு போயிட்டா கிளாசும் போயிருமே. தீவாளிக்கு வந்துரும். அவுங்க அப்பாவும் அதுக்குள்ள எந்திரிச்சிருவாரு. அதுவரைக்கும் நான் பேரு விடாம நின்னுட்டேன்னா எடம் அப்படியே இருக்கும்ல?”

நின்றால் மட்டும் போதாது என்று அந்த இடத்தில் நான் சொல்லியிருக்கவேண்டும். என் மகள் தொப்பியைக் கழற்றி எறிந்துவிட்டு அழுதாள், அவளைத் தூக்கினேன். தேநீர் வந்தது, குடித்தேன். தாய் என் மகளின் கன்னத்தைத் தொட்டு, “ஒங்க புள்ளையும் பெருசானா இந்தப் படிப்புத்தான் படிக்குமாங்க?” என்று கேட்டார். நான் ஏதோ சொன்னேன்.

“சாரு நல்லாத்தான் சொல்லிக் குடுக்கறாரு,” என்றார். “எனக்கு ஒண்ணும் வெளங்கல. லூப்பு லூப்புன்னு சொன்னாரு. அத மட்டும் மகள்கிட்ட சொன்னேன். தெரியும்மா, தெரியும்மான்னுச்சு.”

இறங்கி வரும்போது கடை முதலாளியின் போன் எண்ணைத் தந்தார். அவசரத்துக்கு மட்டும் அழைக்கச் சொல்லியிருக்கிறார்களாம்.

திங்கட்கிழமை அழைத்தேன். எடுத்தவர் எரிச்சலோடு யாரையோ கூப்பிட்டார். பிறகு அவளுடைய குரல் வந்தது. ஆரம்பத்தில் நான் கேட்டிருந்த குரலைவிட மெல்லியதாக இருந்தது.

“மிஸ், நெறைய நேரம் பேச முடியாது.”

அங்கே யாருடைய கணினியிலாவது, போனிலாவது கொஞ்ச நேரம் உட்கார முடியுமா என்று கேட்டேன். சாரிடம் பேசி அவகாசம் வாங்குகிறேன், அனுப்பாத பயிற்சிகளை மெதுவாக அனுப்பலாம் என்றேன். முந்தின இரவு முழுவதும் யோசித்து வைத்திருந்த வழிகளை ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவள் இடைமறிக்காமல் கேட்டாள்.

“நான் வரமாட்டேன் மிஸ்,” என்றாள். “அப்பாவால இனிமே மலையேற முடியாது. டொக்டர் என்கிட்டத்தான் சொன்னாரு. அம்மாவுக்குத் தெரியாது.”

“அப்ப வகுப்பு?”

“எடம் அப்படியே இருக்கும்னு நான் சொன்னதாலதான் அம்மா என்னைய அனுப்புச்சு. இல்லன்னா விட்டிருக்காது.” உள்ளே யாரோ ஒரு சேலையின் நிறத்தைச் சொல்லி அவளைக் கூப்பிட்டார்கள். “வாரேங்க,” என்று அங்கே சொல்லிவிட்டு என்னிடம், “அந்தக் கட்டத்தப் பச்சையாவே விட்டுற முடியாதா மிஸ்?” என்று கேட்டாள். நான் பதில் சொல்வதற்குள் தொடர்பு அறுந்தது. அவளாகவே வைத்தாளா, முதலாளி வாங்கி வைத்தாரா என்று தெரியவில்லை. மறுபடி அழைத்தால் அவளுக்கு ஏச்சு விழுமோ என்று அழைக்கவில்லை. அழைத்திருக்கலாமோ என்று இப்போதும் நினைக்கிறேன்.

சாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தாய் கல்லில் ஏறி நிற்பதையும் சொன்னேன்.

“நான் ஒவ்வொரு நாளும் அந்தக் கட்டைவிரலைப் பாத்துப்போட்டு, ஒரு பிள்ளையாவது விளங்குது எண்டு சொல்லுது எண்டு நினைச்சனான்,” என்றார். பிறகு, “ஆனா தங்கச்சி, நான் என்ன செய்யிறது? பிள்ளையே வரமாட்டன் எண்டு சொல்லுது. காத்துக்கொண்டு நிக்கிற பிள்ளையளுக்கு நான் என்ன சொல்ல?”

“கொஞ்ச நாள் பொறுக்க முடியாதா சார்? தீபாவளி வரைக்கும்?”

“தீபாவளிக்கு அந்தப் பிள்ளை வந்து படிக்குமோ? நீங்கள் சொல்லுங்கோ. நீங்கள்தானே கதைச்சனீங்கள்.”

அவர் கேட்டது அறிக்கைக்கான கேள்விதான், அதற்குப் பதில் எனக்குத் தெரிந்திருந்தது. அறிக்கையில் உள்ளதை உள்ளபடி எழுதினேன். ‘மாணவி வேலைக்குச் சென்றுள்ளார், தொடரும் வாய்ப்பு இல்லை’ என்று எழுதிவிட்டு, ‘இல்லை’ என்பதை அழித்து ‘குறைவு’ என்று மாற்றினேன். அது யாருக்கும் உதவப்போவதில்லை என்று தெரிந்தே மாற்றினேன். அவளது கணக்கு மூடப்பட்டது.

கொஸ்லந்தப் பிள்ளைக்கு அந்த இடம் கிடைத்தது. அந்தத் தாய் போனில் அழுதார். நான் சந்தோசப்படவேண்டும் என்று நினைத்தேன், வாழ்த்தும் சொன்னேன். அந்தப் பிள்ளையும் ரோட்டுக்கு ஏறி வந்துதான் சிக்னல் பிடிக்கவேண்டும், மழை பெய்தால் அந்தப் பக்கத்து ரோட்டில் மண் சரியும் என்பதையெல்லாம் அப்போது சொல்ல முடியுமா? அவள் முதல் நாள் வகுப்பில் ‘வணக்கம் சார்’ என்று எழுதிய நேரத்தில்தான் என் போன் அடித்தது. எடுத்தேன். பூனாகலையிலிருந்து அந்த அம்மா.

“மிஸ், உள்ள போகமாட்டேங்குதுங்க. செவப்பா ஒரு எழுத்து வருது. நான் நேரத்துக்கே வந்துட்டேன்.”

பின்னால் மற்றப் பெண்களின் பேச்சு கேட்டது. அவர்கள் போகட்டும் என்று காத்திருக்கலாமா என்று யோசித்தேன். காத்திருந்தால் நான் சொல்லமாட்டேன் என்று பயந்தேன்.

“அந்த எடத்த வேற புள்ளைக்குக் குடுத்துட்டாங்கம்மா,” என்றேன். “வந்து நின்னா மட்டும் போதாது. பயிற்சி எழுதி அனுப்பணும். அது வரலன்னு எடுத்துட்டாங்க.”

“நான் ஒரு நாளும் விடலீங்களே மிஸ்.”

“தெரியும்மா.”

“காச்சலோட கூட வந்து நின்னேனே. அந்தப் பேரெல்லாம் எங்கங்க போச்சு?”

மகளுக்கு இது தெரியுமா என்று அவர் கேட்பார் என்று எதிர்பார்த்தேன். கேட்டால் என்ன சொல்வது என்று இரண்டு விதமாகவும் தயார் செய்து வைத்திருந்தேன். அவர் அதைக் கேட்கவில்லை. யாரோ “என்னடி ஆச்சு?” என்று கேட்டதும், “ஒண்ணுமில்ல, நீங்க போங்க,” என்று அவர் சொல்வதும் கேட்டது. கொஞ்சம் நடந்து தள்ளிப் போனார் போலிருக்கிறது.

“அப்ப இந்தப் போன மகளுக்கே குடுத்தனுப்பிடுறேங்க,” என்றார். “இங்க வச்சி நான் என்ன பண்ண? அதுக்காவது அங்க ஒரு பேச்சுத் தொணைக்கு ஆகும்.”

“சரிம்மா.”

“மிஸ், இதுல அந்தக் கிளாசுப் படம் ஒண்ணு இருக்கே. தொட்டா தெறக்குமே, அது. அதையும் எடுத்துட முடியுமாங்க? அவ கண்ணுல படவேணாம்.”

முடியும் என்றேன். அந்தப் படத்தின் மேல் விரலை வைத்து எடுக்காமல் அழுத்திக்கொண்டிருக்கச் சொன்னேன். முதல் தடவை வகுப்புக்குள் போகப் பார்த்து மறுபடி சிவப்பு எழுத்து வந்தது. திரும்ப முதலிலிருந்து சொன்னேன். இரண்டாவது தடவை இங்கிலீசில் ஏதோ வருகிறது என்றார். கீழே உள்ள வரியைத் தொடச் சொன்னேன். மறுபடியும் கேட்கிறது, என்ன செய்ய என்றார். “ஆமான்னு சொல்லணும்மா, வலது பக்கம் இருக்கிறதைத் தொடுங்க,” என்றேன். என் மகள் போனை எட்டிப் பிடிக்கப் பார்த்தாள், கையை விலக்கிக்கொண்டேன்.

“போயிருச்சுங்க மிஸ்,” என்றார். “சரியா பண்ணிட்டேனுங்களா?”

“சரியாப் பண்ணிட்டீங்கம்மா,” என்றேன்.